ஏழு கம்ப்யூட்டரும் ஒரு பழியும்

13-10-2025, திங்கள்

தீனதயாளன் கடை வாசலில் புது பேனர். ஷேர் ஆட்டோவில் போகும்போதே படித்தேன். "நாளையோடு உங்கள் பழைய கம்ப்யூட்டர் நின்றுவிடும்! இன்றே மாற்றுங்கள்! தீபாவளி எக்ஸ்சேஞ்ச் மேளா!"

பொய். விண்டோஸ் பத்துக்கு நாளையோடு பாதுகாப்பு அப்டேட் வருவதுதான் நிற்கும். கம்ப்யூட்டர் எங்கே நிற்கும்? அது அவனுக்கும் தெரியும். அந்தக் கடையில் எட்டு வருஷம் ஸ்க்ரூ டிரைவர் பிடித்த எனக்குத் தெரியாதா அவனுக்கு என்ன தெரியும் என்று?

2023 ஆகஸ்டில் வடக்கனந்தல் சிறுதானிய உழவர் சங்கத்தின் கம்ப்யூட்டருக்குள் வைரஸ் புகுந்து, உறுப்பினர் பட்டியல் முழுவதும் திறக்க முடியாமல் பூட்டிக்கொண்டது. அதற்கு சர்வீஸ் பார்த்தது தீனதயாளன் கடை, அதனால் சங்கத்து ஆட்கள் கடைக்கு வந்து சத்தம் போட்டார்கள். கடை நிறைய ஆள். தீனதயாளன் என்னை முன்னால் கூப்பிட்டு நிறுத்தினான். "இந்தப் பொண்ணு பென்டிரைவ்ல வந்த வைரஸ்தாங்க. வூட்லேர்ந்து சினிமா ஏத்திக்கினு வரும். இன்னியோட அனுப்பிட்டேன்."

அவ்வளவுதான். அதன் பிறகு கள்ளக்குறிச்சியில் ஒரு கடைக்காரனும் என்னை வேலைக்கு எடுக்கவில்லை. அப்பா ஒரு வாரம் டீக்கடைப் பக்கமே போகவில்லை.

பேனர் கயிற்றை அறுக்கலாமா என்று கை துடித்தது. அறுத்தால் வேறு கயிறு கட்டுவான். அறுக்க வேண்டியது கயிறு இல்லை.

15-10-2025

இன்று வாய்ப்பு தானாக நடந்து வந்தது.

பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஜீனத்தக்காவின் ஜெராக்ஸ் கடை. ஜீனத்துன்னிசா என்று பலகையில் இருக்கும், எனக்கு அக்கா. ஊரே கதவைச் சாத்தியபோது ஒரு மேசையைக் காட்டி உட்கார் என்று சொன்னவர். அந்த மேசையில்தான் டைப்பிங், ரிப்பேர் எல்லாம். காலையில் உழவர் சங்கத்தின் புதுச் செயலாளர் வெங்கடேசன் ஒரு தாளைக் கொண்டுவந்து நாலு பிரதி கேட்டார். தீனதயாளன் கொடுத்த கொட்டேஷன். சங்கத்தின் ஏழு கம்ப்யூட்டரும் குப்பையாம். ஏழும் புதிதாக வாங்க வேண்டுமாம்.

ஐந்து பிரதி எடுத்தேன். ஒன்று எனக்கு. தப்புதான்.

"சார், இதுல ஒண்ணக்கூட தூக்கிப்போட வேணாம். விண்டோஸுக்குப் பதிலா, இலவசமா லினக்ஸ்னு ஒண்ணு இருக்கு. பழைய மிஷின்லயே ஓடும்."

"நீ யாரும்மா?"

"சந்தியா."

அவர் முகம் மாறியது. "தீனா கடையில இருந்த...?"

"ஆமாங்க. அந்த சந்தியாதான்."

போய்விடுவார் என்று நினைத்தேன். ஜீனத்தக்கா மெஷினை நிறுத்திவிட்டு வந்தார். "சார், ரெண்டு வருசமா என் கடை மிஷின் பூரா இவ கையிலதான். ஒரு தூசி போவல. வேணும்னா ஒண்ணு குடுத்துப் பாருங்க, உங்களுக்கு இன்னா கொறையப்போவுது?"

வெங்கடேசன் யோசித்தார். ஒரு கம்ப்யூட்டர், பத்து நாள் என்றார். "எழுதிக் குடும்மா. எது ஓடும், எது ஓடாது, ரெண்டும் இருக்கணும்."

16-10-2025

லினக்ஸ் நல்லதா கெட்டதா என்று பார்க்கவா இதைச் செய்கிறேன்? அவனைக் கவிழ்க்கச் செய்கிறேன். இங்கேயாவது பொய் எழுதக்கூடாது.

18-10-2025

விண்டோஸில் எழுந்து நிற்க ஆறு நிமிஷம் எடுத்துக்கொண்ட பெட்டி, லினக்ஸில் நாற்பது நொடியில் நின்றது. கதவைச் சாத்திக்கொண்டு சிரித்தேன்.

தமிழ் சுத்தமாக வருகிறது. சங்கத்தின் பழைய கடிதங்கள் முதலில் பூச்சி பூச்சியாகத் தெரிந்தன. பழைய எழுத்துருவை எடுத்து வைத்ததும் சரியாகிவிட்டன. ஆனால் குமாஸ்தா புதிதாகத் தட்டினால் விசைகள் கொஞ்சம் இடம் மாறும், பழக ஒரு வாரமாவது ஆகும். பிரிண்டர் அரை நாள் அடம் பிடித்து, பிறகு அடித்தது. கடிதம், கணக்குத் தாள், மெயில், ஸ்கேன் எல்லாம் ஓடுகின்றன. இது நல்ல பொருள்தான். யார் வேண்டுமானாலும் உள்ளே திறந்து பார்க்கலாம் என்பது எனக்குப் பிடித்திருக்கிறது. தீனதயாளன் எதையும் திறந்து காட்டியதில்லை.

ஒன்றே ஒன்று ஓடவில்லை. மலைமேல் சங்கத்தின் வெள்ளிமலைக் கிடங்கில், இரண்டு கம்ப்யூட்டரோடு சேர்த்து மாட்டிய மூட்டை நிறுக்கும் மின்தராசு. அதன் முகப்புக் கண்ணாடி உடைந்து நாளாகிறது, எடை கம்ப்யூட்டரில்தான் தெரியும். அந்த நிரல் விண்டோஸுக்காக மட்டும் எழுதியது. கிடங்கில் உதிரியாகக் கிடந்த, முகப்பே இல்லாத அதே மாதிரித் தராசை வாங்கிவந்து மாட்டிப் பார்த்தேன். லினக்ஸில் நிரல் திறக்கிறது. எடை மட்டும் பூஜ்யம். அரிசிச் சிப்பத்தை வைத்தேன், பூஜ்யம். நானே ஏறி நின்றேன். பூஜ்யம்.

20-10-2025

தீபாவளி. தெருவெல்லாம் வெடி. நான் அந்தப் பூஜ்யத்தோடு உட்கார்ந்திருந்தேன்.

22-10-2025

இதை இன்றே எழுதிவிட வேண்டும்.

2023-ல் பூட்டிக்கொண்ட அந்த ஹார்டு டிஸ்க்கை சங்கத்தில் எறியாமல் பீரோவில் வைத்திருந்தார்கள். சோதனைக்கு என்று கேட்டு வாங்கி வந்தேன். விண்டோஸில் அது திறக்காது. லினக்ஸில் மாட்டினேன், திறந்தது. உள்ளே கோப்புகள் பூட்டித்தான் கிடந்தன. ஆனால் எந்தக் கோப்பு எந்தத் தேதியில் வந்தது என்பது தெரிகிறது. பூட்டு விழுவதற்குச் சற்று முன்னால் ஒன்று வந்திருக்கிறது. காசு கொடுக்காமல் விண்டோஸைத் திறக்கும் திருட்டு கிராக். வைரஸ் அதன் வயிற்றுக்குள் இருந்தது.

தேதி 3-8-2023. காலை 11.40.

அன்று ஆடிப்பெருக்கு. அந்த வருஷ டைரியை எடுத்துப் பார்த்தேன். "லீவு. அப்பா அம்மாவோடு கோமுகி அணை. நல்ல கூட்டம்."

நான் இல்ல. நான் அங்க இல்லவே இல்ல. நான் இல்லாத அன்னிக்கு சர்வீஸுக்குப் போறது அவன்தான். அவன் போட்டான், தெரிஞ்சே என்னை முன்னாடி நிக்க வெச்சான். படுபாவி.

24-10-2025

அறிக்கை எழுதி முடித்தேன், நாலு பக்கம். தராசைப் பற்றி எழுதவில்லை.

எழுதினால், வெள்ளிமலையில் இரண்டு கம்ப்யூட்டர் விண்டோஸிலேயே இருக்கட்டும் என்று முடியும். ஒழுங்கான உரிமத்தோடு விண்டோஸ் போட்டுத்தர இங்கே அவன் கடைதான். அந்த இரண்டைப் பிடித்துக்கொண்டு உள்ளே வருவான். வரக்கூடாது. ஏழும் என்னுடையது. தராசுக்குப் பிறகு ஏதாவது வழி கண்டுபிடித்துக்கொள்ளலாம்.

டிஸ்க்கைப் பற்றியும் இப்போது சொல்லவில்லை. முதலில் வேலை போகட்டும், அப்புறம் பேர் போகட்டும். ஒவ்வொன்றாகப் போகட்டும்.

31-10-2025

ஏழும் மாற்றியாகிவிட்டது. தீனதயாளன் போன் செய்து வெங்கடேசன் சாரிடம் கத்தினானாம். எப்படிக் கத்தினான் என்று இரண்டு தடவை கேட்டேன். மூன்றாவது தடவை கேட்டபோது சார் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

4-11-2025

வெள்ளிமலையில் இன்று கொள்முதல். மழை.

மாற்று வழி எதுவும் கிடைக்கவில்லை. எப்படியாவது ஓடிவிடும் என்று மேலே போனேன். எப்படியாவது என்றால் எப்படி?

நாற்பது பேருக்கு மேல் வரிசையில் நின்றார்கள். சாமை, தினை, எல்லாம் தலைச்சுமை. முதல் மூட்டையை வைத்தார்கள். பூஜ்யம். ஒயரைக் கழற்றி மாட்டினேன். பூஜ்யம். கடைவீதியில் போய் ஒரு தொங்கு தராசு வாங்கிவர ஆள் அனுப்பி, அது வந்து சேர மதியம் தாண்டிவிட்டது. கிடங்குக் கூரைக்குள் பாதிப் பேருக்குத்தான் இடம். இருசம்மாள் என்று ஒரு அம்மா வெளியே நின்றார். மூட்டைமேல் தன் புடவைத் தலைப்பைப் போர்த்திக்கொண்டு நின்றார். "இருட்டோட கெளம்புனேன் கண்ணு. போன வாட்டி நல்லாத்தான ஓடிச்சு, இன்னிக்கு இன்னா கேடு அதுக்கு?"

அவர் முறை வந்தபோது சாமை நனைந்திருந்தது. ஈரம் இருந்தால் எடுக்கமாட்டார்கள். திரும்பவும் தலையில் தூக்கிக்கொண்டு போனார்.

வெங்கடேசன் சார் போனில் கேட்டார், இன்னாம்மா ஆச்சு என்று. நான் சொன்ன பதிலை அப்படியே எழுதுகிறேன்.

"பழைய ஆளு போட்ட ஒயர் சார். தீனதயாளன் போட்டது. அதான் சரியில்ல."

எவ்வளவு சுலபமாக வந்தது. நாக்கு தடுக்கவே இல்லை. சுற்றி ஆட்கள் நின்றிருந்தார்கள், எல்லார் காதிலும் விழுந்தது. அவன் அன்று சொன்னபோதும் இவ்வளவு சுலபமாகத்தான் வந்திருக்குமோ?

5-11-2025

காலையில் வடக்கனந்தல் போய்ச் சொல்லிவிட்டேன். "ஒயர் நல்லாத்தான் சார் இருக்குது. தராசு ஓடாதுன்னு எனக்கு முன்னாடியே தெரியும். அறிக்கையில எழுதல."

"ஏம்மா?"

"அவரு உள்ள வரக்கூடாதுன்னு."

வெங்கடேசன் சார் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. "அப்ப, ரெண்டு வருசத்துக்கு முன்னாடி அவன் உன்னப் பத்திச் சொன்னதும் நெசந்தானா?" என்று கேட்டார். பையில் டிஸ்க் இருந்தது. எடுக்கவில்லை. இப்போது எடுத்தால் யார் நம்புவார்கள்?

ஜீனத்தக்காவிடம் சொன்னேன். "நல்லா வாங்கிக் கட்டிக்கினியா? சோறு போடட்டுமா?" என்றார்.

8-11-2025

வெள்ளிமலையில் இரண்டு கம்ப்யூட்டருக்கும் பழைய விண்டோஸையே திருப்பிப் போட்டேன். தராசு ஓடுகிறது. இருசம்மாள் சாமையைக் காயவைத்துக் கொண்டுவந்திருந்தார். முதல் எடை அவருடையது. அன்று நடந்தது என் தப்பு என்று சொன்னேன்.

"ஒந் தப்பா? சரி, இந்தா, மூட்டைய ஒரு கை புடி."

பிடித்தேன். சாதாரண கனமில்லை.

12-11-2025

அறிக்கையை மறுபடி எழுதினேன். எந்த வேலைக்கு லினக்ஸ் போதும், எதற்கு ஆகாது, குமாஸ்தா எத்தனை நாள் திணறுவார், பிரிண்டர் எங்கே மக்கர் செய்யும், எல்லாம். ஐந்து கம்ப்யூட்டர் லினக்ஸில். தராசு உள்ள இரண்டுக்குப் பதில், ஒழுங்கான உரிமத்தோடு புது விண்டோஸ் ஓடும் புதுப் பெட்டிகள். கடைசி வரியை எழுதும்போது பல்லைக் கடித்துக்கொண்டேன். சத்தம் எனக்கே கேட்டது.

18-11-2025

நிர்வாகக் குழுக் கூட்டம். தீனதயாளனும் வந்திருந்தான், அந்த இரண்டு கம்ப்யூட்டருக்காக. தலைமுடிக்குச் சாயம் அடித்திருக்கிறான்.

அறிக்கையைப் படித்த பிறகு டிஸ்க்கை மாட்டித் தேதியைக் காட்டினேன். என் டைரியைக் காட்டினேன். வெங்கடேசன் சார் எழுந்துபோய் சங்கத்தின் சர்வீஸ் நோட்டைக் கொண்டுவந்தார். இது நான் எதிர்பார்க்காதது. 3-8-2023, பக்கத்தில் தீனதயாளன் கையெழுத்து. பெரிய சுழியோடு.

எல்லாரும் அவனைப் பார்த்தார்கள். இந்த நிமிஷத்துக்காகத்தான் இரண்டு வருஷம் சாப்பிட்டேன், தூங்கினேன்.

"ரெண்டு வருசம் ஆச்சுங்க," என்றான். "யாருக்கு ஞாபகம்?"

தலைவர் தொண்டையைக் கனைத்தார். "சரி விடுங்கப்பா, ரெண்டு பேரும் நம்ம ஊர்தான்." அஞ்சு எனக்கு, ரெண்டு அவனுக்கு. அடுத்து உரம் பற்றிப் பேசப் போய்விட்டார்கள்.

அவ்ளோதானா? சாட்சி இருக்கு, கையெழுத்து இருக்கு, அவ்ளோதானா? தப்பு செஞ்ச நான் வாயத் தொறந்து சொன்னேனே. அவனுக்கு மட்டும் வாய் இல்லியா?

21-11-2025

ஆறவில்லை.

3-12-2025

மலையில் நாலு நாளாக மழை. பஸ் வரவில்லை. வெள்ளிமலைக்கு ஷேர் ஜீப்தான். மேலே இருக்கும் பழைய கம்ப்யூட்டரை மாற்றுவதற்கு முன் அதிலிருந்து பேக்கப் எடுக்கப் போனேன். முன் சீட்டில் டிரைவரோடு வெங்கடேசன் சார். நடு சீட்டில் ஜன்னலோரம் நான். கடைசி ஆளாக ஓடிவந்து என்னைத் தாண்டி உள்ளே புகுந்து பக்கத்தில் உட்கார்ந்தவன் தீனதயாளன், மடியில் சங்கத்துக்கான இரண்டு புது கம்ப்யூட்டரில் ஒன்றின் பெட்டி. அவனுக்கு அந்தப் பக்கம் இரண்டு பெண்கள், பின்னால் சந்தைக்குப் போய்த் திரும்பும் ஆறு பேர்.

மலை ஏறத் தொடங்கி மூன்றாவது வளைவில் அவன் நெற்றி வேர்த்தது. அவனுக்கு வளைவு ஒத்துக்கொள்ளாது, அது எனக்குத் தெரியும். எட்டு வருஷம் கூடவே ஜீப்பில் போயிருக்கிறேன்.

"ஜன்னலோரம் குடும்மா. கொமட்டிக்கினு வருது."

நான் வெளியே பார்த்தபடி இருந்தேன். இன்னொரு வளைவு.

"சந்தியா. தயவுபண்ணி."

"மொதல்ல சொல்லுங்க," என்றேன்.

"இன்னாத்த?"

"உங்களுக்குத் தெரியும். கடையில எவ்ளோ சத்தமாச் சொன்னீங்களோ, அவ்ளோ சத்தமா."

டிரைவர் ஏதோ கேட்கத் திரும்பினார், வெங்கடேசன் சார் அவர் கையைத் தொட்டார். அடுத்த வளைவும் போனது. தீனதயாளன் வாயைப் பொத்திக்கொண்டு இருந்தான். பிறகு கையை எடுத்தான்.

"சங்கத்து கம்ப்யூட்டர்ல வைரஸ் வந்தது இந்தப் பொண்ணால இல்ல. நான் போட்ட கிராக்கு. பேர் கெட்டுடும்னு இது மேல போட்டேன்."

பின்னால் இருந்த ஒருவருக்குக் கேட்கவில்லை போல. "இன்னா சொல்றாரு?" என்றார். பக்கத்துப் பெண் திரும்பி, வார்த்தை விடாமல் எடுத்துச் சொன்னாள்.

ஜீப்பை நிறுத்தச் சொல்லி இறங்கி, இடம் மாறி ஏறினேன். அவன் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி வாந்தி எடுத்தான். அவன் மடிப்பெட்டி மழையில் நனையாமல் என் மடியில் வாங்கி வைத்துக்கொண்டேன். அது சங்கத்துப் பெட்டி.

மீதி வளைவுகள் எல்லாம் நடுவில் உட்கார்ந்தே போனேன். எனக்கும் குமட்டியது. சொல்லவில்லை.