ஞாயிற்றுக்கிழமை வராத தும்மல்

பாப்பாவின் அம்மாவுக்கு,

இப்போது என் மூக்கு உட்பட நான் சௌக்கியம். நீயும் பாப்பாவும் எப்படி இருக்கிறீர்கள்?

பேக்கரியில் மாவு மூட்டையைப் பிரித்தாலே எனக்கு அடுக்குத் தும்மல். நீதான் நினைக்கிறாய் என்று பெருமையாக இருந்தேன். பிறகு மூச்சு விட்டால் நெஞ்சும் விசிலடிக்கவே, டாக்டரிடம் போய் அப்படியே சொன்னேன்.

"லீவு நாள்ல தும்முவீங்களா?"

"இல்ல டாக்டர்."

"அப்போ ஞாயித்துக்கிழமை மட்டும் உங்க வீட்டுக்காரம்மா உங்களை மறந்துடுறாங்களா? இது மாவு அலர்ஜிங்க!"

கவலைப்படாதே. என்னைப் பொட்டலம் கட்டும் பக்கம் மாற்றிவிட்டார்கள், விசில் நின்றுவிட்டது. உன் கையால் ஓரம் தைத்த கைக்குட்டை இரண்டு அனுப்பு. தும்மலுக்கு இல்லை, சும்மாதான்.

தும்மலும் நின்றுவிட்டது. இனி நீ நினைத்தால் எனக்கு எப்படித் தெரியும்? ஒரு போனாவது பண்ணு.

பேக்கரி வேன் ஹாரன் அடிக்கிறது, ஓடுகிறேன்.

பாப்பாவின் அப்பா