எண்பத்தாறு

டுலூத், டிசம்பர் 4, 2022

கர்ட்டுக்கு,

நலமா என்று கேட்கத்தான் உட்கார்ந்தேன், கோபம் முந்திக்கொண்டது. இந்த வாரம் உன் முறை. பிரிட்டாவின் பையில் மாத்திரையும் நாடித்துடிப்பு நோட்டும் இருக்கின்றன. கோவிட் வந்து போன பிறகு, ஜூனில் நம் மகளின் இதயம் வீங்கிக் கிடந்ததை நான் மறக்கவில்லை. ஆறு மாதம் விளையாட்டே கூடாது என்றார் டாக்டர். சென்ற முறை உன் வீட்டில் இருந்த ஏழு நாளும் துடிப்பு எண்பத்தாறு. எண்ணி எழுதினாயா, எழுதிவிட்டு எண்ணினாயா? அவள் ஐஸ் ஸ்கேட்டின் கத்தியைத் தடவிப் பார்த்தேன், புதிதாகத் தீட்டியிருக்கிறது. ஜனவரி ஹாக்கிப் போட்டிக்கு அவள் அணியில் கோல் காக்க ஆளில்லை என்று உன் நண்பர்கள் புலம்புவது எனக்கும் தெரியும்.

குளிருக்குத் தொப்பி மறக்காதே.
ஹைடி

டிசம்பர் 11

ஹைடி,

தீட்டினேன், உண்மைதான். மாட்டிவிடவில்லை. வருஷா வருஷம் போல வீட்டுக்குப் பின்னால் தண்ணீர் விட்டு உறையவைத்து ஸ்கேட் தளம் கட்டியிருக்கிறேன். அவள் ஜன்னலில் பார்ப்பதோடு சரி. எண்ணுவது நானில்லை. நர்ஸ் சொல்லிக்கொடுத்தார்களாம், அவளே மணிக்கட்டைப் பிடித்து எண்ணி, "எண்பத்தாறுப்பா" என்கிறாள். நான் எழுதுகிறேன். நோட்டில் நீ எழுதிய பக்கத்தில் 84, 88, 85. அது மட்டும் ரொம்ப அழகாக இல்லையா? இவ்வளவு நல்ல எண் இருந்தும் அவளைச் சோபாவிலேயே போட்டு வைப்பது, உன் வீட்டிலேயே இருக்கட்டும் என்ற கணக்கோ? இருபதாம் தேதி விளையாடலாம் என்று டாக்டர் கையெழுத்துப் போடட்டும், அன்றே அவளை ஐஸில் இறக்குவேன்.

உன் சூப் பாத்திரம் பையில்.
கர்ட்

டிசம்பர் 18

அன்புள்ள கர்ட்,

உன் கடிதத்தைப் படித்ததும் எனக்கும் புரிந்தது. இங்கேயும் நான் பாத்திரம் கழுவுவேன், அவள் எண்ணிக் கத்துவாள், நான் எழுதுவேன். நேற்று நானே பிடித்து எண்ணினேன். சும்மா உட்கார்ந்திருக்கிறாள், நூற்றிருபத்திரண்டு.

"என்னடி இது?"

"நிஜத்தைச் சொன்னா டாக்டர் கையெழுத்துப் போடுவாராம்மா?"

நான் உன்னைச் சந்தேகப்பட்டேன், நீ என்னை. அவளை மட்டும் இரண்டு பேரும் நம்பினோம். செவ்வாய்க்கிழமை டாக்டரிடம் நீயும் வா. எனக்குத் தனியாகப் போகப் பயமாக இருக்கிறது.

ஹைடி

அப்பா, உறையை நான்தான் பிரிச்சேன். எப்பவும் பிரிப்பேன். பஸ்ல எண்ணினேன், 120. வீட்டுக்கு வந்ததும் நீங்களும் எண்ணிப் பாருங்க. ஸ்கேட்டை அம்மா வீட்டுலயே விட்டுட்டு வந்துட்டேன்.

பிரிட்டா