படகுத்துறை இல்லாத கல்லூரியின் விதி

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நலம். நீங்கள் இருவரும் அங்கே நலமாக இருப்பது போனில் குரலைக் கேட்டாலே தெரிகிறது, ஆனாலும் எழுத்தில் ஒருமுறை கேட்டுவிட்டால்தான் எனக்குத் திருப்தி. அப்பாவின் முழங்கால் பரவாயில்லை, டாக்டர் தினமும் நடக்கச் சொல்லியிருக்கிறார், இவர் நடப்பது ரிமோட்டைத் தேடும்போது மட்டும்தான். இந்தச் சேதியைப் போனில் சொன்னால் நீ குறுக்கே குறுக்கே கேள்வி கேட்டு என் கதையைக் கெடுத்துவிடுவாய், அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். நம் கல்லூரிக்குத் தரச்சான்று கிடைத்துவிட்டது, அதுவும் மேல் தரம். ஆனால் நான் சொல்ல வந்தது அது இல்லை, பொறுமையாகப் படி.

என் விடுதியில் மூன்றாம் ஆண்டு இயற்பியல் படிக்கிற பெண் ஒருத்தி இருக்கிறாள். வாய் ஓயாமல் பேசுவதால் எல்லோருக்கும் அவள் வானொலி. படிப்பில் கெட்டி. அவளும் வீட்டிலிருந்து வந்து படிக்கிற இன்னொரு பெண்ணும் காதலிக்கிறார்கள் என்று யாரோ கல்லூரிச் செயலாளர் காதில் போட்டுவிட்டார்கள். தரச்சான்றுக்காக மதிப்பீட்டுக் குழு வருகிற நேரத்தில் இந்தத் தலைவலி வேண்டாம் என்று, அவளை அறையைக் காலி செய்ய வைக்கும்படியும் வார்டன் என்ற முறையில் உத்தரவில் கையெழுத்துப் போடும்படியும் என்னிடம் சொன்னார். வெளியே தங்க அவளுக்கு வழி கிடையாது, அறை போனால் படிப்பும் போச்சு. என் முன்னால் வந்து நின்றவள் ஒரு வார்த்தை பேசவில்லை. நீ இதே கல்லூரியில் கணிதம் நடத்திக்கொண்டிருந்தபோது காரணமே சொல்லாமல் உன்னை வேலையைவிட்டு அனுப்பினார்களே, அன்றைக்கு வீட்டுக்கு வந்தபோது நீயும் இப்படித்தான் நின்றாய்.

விடுதியைப் பற்றிக் குழு கேட்டால் பதில் சொல்ல வேண்டுமே என்று, கல்லூரி அவர்களுக்கு ஏற்கெனவே அனுப்பியிருந்த அறிக்கையை எடுத்துப் படித்தேன். அதில் பாகுபாடு காட்டாமை விதி என்று ஒரு பக்கம். மதம், மொழி, நிறம், பாலினம், பாலீர்ப்பு என எதை வைத்தும் யாரையும் வகுப்பிலோ விடுதியிலோ வேலையிலோ படகுத்துறையிலோ ஒதுக்க மாட்டோம் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. நம் கல்லூரியில் ஏது படகுத்துறை, மழை பெய்தால் சைக்கிள் நிறுத்துமிடத்தில் நிற்கிற தண்ணீர்தான் இருக்கிறது. வேறு ஏதோ பெரிய கல்லூரியின் விதியை முதல்வர் அலுவலகத்தில் அப்படியே நகலெடுத்து ஒட்டியிருக்கிறார்கள், ஒருவரும் படிக்கவில்லை, செயலாளரும் கண்ணை மூடிக்கொண்டு கீழே கையெழுத்துப் போட்டிருக்கிறார். தனியாக உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன். சிரித்து முடித்ததும் அறிக்கையைத் தூக்கிக்கொண்டு நேராகச் செயலாளர் அறைக்குப் போனேன், முதல்வரும் அங்கேதான் இருந்தார். பாலீர்ப்பு என்றால் யார் யாரை விரும்புகிறார்கள் என்பது என்று செயலாளருக்கு நான்தான் விளக்கினேன். மனிதர் முகத்தில் ஈயாடவில்லை. ஒரு வரிதானே மேடம், தவறி வந்துடுச்சுன்னு சொல்லி எடுத்துடலாம் என்றார். அறிக்கை குழு கையில இருக்கு சார், இதை எடுத்தா மீதியும் காப்பியான்னு கேப்பாங்க, என்ன சொல்வீங்க என்றேன். இந்தப் பொண்ணு மேல உங்களுக்கு ஏன் இவ்வளவு அக்கறை என்று கேட்டார். உன்னைப் பற்றி யாரிடம் வேண்டுமானாலும் சொல்லிக்கொள் என்று நீ என்றைக்கோ சொல்லிவிட்டாய், சொல்வதற்குச் சரியான ஆள் அன்றைக்குத்தான் கிடைத்தார். என் பொண்ணும் அப்படித்தான் சார், அவளை எதுக்கு அனுப்புனீங்கன்னு உங்களுக்கும் தெரியும் எனக்கும் தெரியும், இன்னொரு பொண்ணை அனுப்ப என் கையெழுத்து கிடைக்காது என்றேன். முதல்வர்தான் என் கையிலிருந்த அறிக்கையை வாங்கிப் பார்த்துவிட்டு, எழுதிக் கொடுத்துட்டோம், இனிமே அப்படி நடந்துக்கத்தான் வேணும் என்றார். ஆட்சிக்குழு கூடி விதியை முறையாக ஏற்றுக்கொண்டது. படகுத்துறையை மட்டும் எடுத்துவிட்டார்கள். வானொலி அதே அறையில் இருந்தாள்.

குழு வந்தது. மாணவர்களை அவர்கள் தனியாகத்தான் சந்திப்பார்கள், எங்களில் யாரும் உள்ளே போகக் கூடாது. வானொலியும் உள்ளே போனாள். செயலாளர் வராந்தாவில் குட்டி போட்ட பூனை மாதிரி அலைந்தார். அவள் வெளியே வந்ததும் என்னடி சொன்னே என்று கேட்டேன். நடந்ததை நடந்தபடியே சொன்னேன் மேடம், முதல்ல என்னை அனுப்பப் பார்த்தாங்க, அப்புறம் அவங்க விதியை அவங்களே படிச்சாங்க, அதனால நான் இருக்கேன்னு சொல்லிட்டேன் என்கிறாள். எனக்கே திக்கென்றது, தரச்சான்று கைநழுவிப் போயிற்று என்றுதான் நினைத்தேன். ஆனால் நிறைவுக் கூட்டத்தில் குழுத் தலைவி எழுந்து, இந்த விதியைக் காகிதத்தில் பல இடங்களில் பார்த்திருப்பதாகவும், இதனால் காப்பாற்றப்பட்ட ஒரு மாணவியை இங்கேதான் பார்ப்பதாகவும் சொன்னார். கூடத்தில் கைதட்டல் ஓயவே இல்லை. நான் எல்லோர் முன்னாலும் அழுதேன், அதைப் பற்றி எனக்கு ஒரு வெட்கமும் இல்லை. இப்போது செயலாளர் அந்த விதியே தன்னுடைய யோசனை என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார், திரியட்டும்.

அந்த உற்சாகத்தில் நேற்று அவரே என்னை நிறுத்தி, கணிதத் துறையில் ஓர் இடம் காலியாக இருக்கிறது, உங்க மகள் திரும்ப வருவாங்களா என்று கேட்டார். கேட்கிறதா இருந்தா நீங்களே அவளுக்கு எழுதிக் கேளுங்க, அன்னைக்கு ஏன் அனுப்புனீங்கங்கறதையும் அதிலேயே எழுதுங்க என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். எழுதமாட்டார் என்றுதான் நினைத்தேன். இன்று காலை கடிதத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். காரணத்தை எழுதி, அது தப்பு என்றும் எழுதி, தன் பெயரையும் பதவியையும் கீழே போட்டிருக்கிறார். அப்பா அதைச் சத்தமாகப் படித்தார், பிறகு போன் போட்டு உன் சித்தப்பாவுக்கும் படித்துக் காட்டினார். இத்துடன் வைத்திருக்கிறேன். வருவதும் வராததும் உன் இஷ்டம், இனி அவர்கள்தான் உன் பதிலுக்குக் காத்திருக்க வேண்டும்.

நீயும் என் மருமகளும் நோய் நொடி இல்லாமல், பிடித்த கையை விடாமல் நெடுங்காலம் வாழ வேண்டும். அவள் இருமலை டாக்டரிடம் காட்டச் சொல், அத்தை சொன்னதாகச் சொல், உன் பேச்சை அவள் கேட்பதில்லை என்று எனக்குத் தெரியும்.

இப்படிக்கு,
உன் அம்மா, அவளுக்கு அத்தை