மாதிரி வீட்டுக் கூரை

10-4-72
திருவொற்றியூர் மாதிரி வீட்டுக்கு வந்து ஒரு மாதம். ராயபுரத்தில் எங்கள் குடிசை எரிந்த பிறகு ஆராய்ச்சிக்காரர்கள் எங்களைக் கொண்டுவந்து இங்கே வைத்தார்கள். மின் நிலையத்துச் சாம்பல் கலந்து அறுத்த கல், மேலே மெல்லிய சிமெண்டுக் கூரை. செலவு குறைவு, தீப்பிடிக்காது, புயலிலும் பறக்காது. இதே மாதிரி நூறு வீடு கட்டலாமா என்று எங்களைக் குடிவைத்துப் பார்க்கிறார்கள். ஆக, நான் சோதனை எலி. எலிக்கு வாடகை இல்லை, சம்மதம்தான்.

ஆனால் இந்த வெயில்! மத்தியானம் இட்லிப் பானைக்குள் உட்கார்ந்த மாதிரி இருக்கிறது.

11-4-72
ஆராய்ச்சி நடத்தும் டோரதி மிஸ் வந்து சுவரில் தெர்மாமீட்டர் மாட்டினார். இனி செவ்வாய்தோறும் வருவாராம். "உண்மையைச் சொல்லுங்க ஃப்ளோரா. சூடு அதிகம்னா கூரையைப் பிரிச்சிட்டு வேற போட்டுப் பார்ப்போம்" என்றார்.

அவர் போனதும் என் வீட்டுக்காரர் யேசுதாஸ் பிடித்துக்கொண்டார். "பிரிச்சா நாம எங்க போறது? மறுபடி ஓலையா? எப்போ கேட்டாலும் ஜில்லுனு கீதுன்னு சொல்லு."

ஓலை என்றாலே அந்தப் புகை மூக்கில் ஏறுகிறது. பயமாக இருக்கிறது.

18-4-72
காலையிலிருந்து கூரைமேல் ஈரக் கோணி. மிஸ் வருவதற்குள் இறக்கி ஒளித்தோம். தெர்மாமீட்டரைப் பார்த்து மிஸ் வாய்கொள்ளாமல் சிரித்தார். நானும் சிரித்தேன், வெட்கங்கெட்டவள். வீட்டுக்கு வருகிறவர்களுக்காகக் குளிர வைப்பது தப்பா? தப்புதான்.

16-5-72
அக்னி நட்சத்திரம். மறுபடி கோணி. மறுபடி சிரிப்பு.

20-6-72
சோதனை முடிந்தது. வீடு எங்களுக்கே. நூறு வீட்டுக்கும் இதே கூரைதான். மிஸ் இன்னொன்றும் வரைந்து வைத்திருந்தாராம் — இரட்டைக் கூரை, நடுவில் காற்றுப் போக இடைவெளி. "அதுக்குக் கொஞ்சம் செலவு கூட. இதுவே குளிர்ச்சியா இருக்கே, அது எதுக்குன்னு மேலதிகாரி விட்டுட்டார்."

யேசுதாஸ் வஞ்சிரம் வாங்கி வந்தார். என் பங்கு மீனையும் அவர் தட்டிலேயே போட்டுவிட்டேன். சொல்லிவிடலாமா? சொன்னால் நாங்கள் எங்கே போவது?

12-1-73
நூறில் ஒரு வீடு என் தங்கை பிலோமிக்குக் கிடைத்தது. கைக்குழந்தையோடு குடிவந்துவிட்டாள். "எல்லாம் உன்னாலதான்க்கா" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். பனிக்காலம், வீடு நன்றாகத்தான் இருக்கிறது. எனக்குத்தான் சித்திரை வெயில் நினைப்பாகவே இருக்கிறது.

24-4-73
புது வீடுகளுக்கு முதல் கோடை. மிஸ் பார்க்க வந்தார். என்னையும் அழைத்துக்கொண்டு பிலோமி வீட்டுக்குப் போனார். குழந்தை கத்திக்கொண்டிருந்தது. கதவுக்குப் பின்னால் சுருட்டி வைத்த கோணியிலிருந்து தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது. நான் சொல்லித்தரவில்லை. யேசுதாஸ் வேலையாகத்தான் இருக்கும்.

"சூடு எப்படிம்மா?"

பிலோமி என்னை ஒரு பார்வை பார்த்தாள். "ஜில்லுனு கீது மிஸ். ஒரு பேஜாரும் இல்ல."

அய்யோ, அந்தக் குழந்தை! வாங்கிச் சட்டையைத் தூக்கிக் காட்டினேன். முதுகு முழுக்க வேனற்கட்டி, இரண்டு உடைந்து சீழ் கோத்திருந்தது. "பாருங்க மிஸ். என் வூடும் இதே சூடுதான். நீங்க வர்ற அன்னிக்கு மட்டும் கோணி போட்டு நனைச்சேன்."

மிஸ் முகம் செத்துவிட்டது. குழந்தையை வாங்கிக்கொண்டு வெளியே வேப்பமரத்து நிழலுக்குப் போய்விட்டார்.

"இன்னாக்கா இப்டி பண்ட்ட? வூட்டப் புடுங்கிக்கப் போறாங்க!" பிலோமி தலையில் அடித்துக்கொண்டு அழுதாள்.

15-5-73
வீட்டை யாரும் பிடுங்கவில்லை. கூரையை மாற்றுகிறார்கள், ஒவ்வொரு வீடாக. முதலில் இரட்டைக் கூரை போட்டுப் பார்க்க ஒரு வீடு கேட்டார்கள். எங்களுடையதைப் பிரிக்கச் சொல்லிவிட்டேன். யேசுதாஸ் என்னோடு பேசவில்லை. பிலோமியும்தான்.

வேலை முடியும்வரை பக்கத்தில் ஓலைக் கொட்டகை போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். ஓலைக்குள் விளக்கு ஏற்ற எனக்கு மனம் வரவில்லை. வெளிச்சம் இருக்கும்போதே இதை எழுதி முடிக்கிறேன்.