தட்டில் துடித்தது

அன்பு மகளுக்கு,

நாளைக் காலை அறுவை சிகிச்சை. என் இதயத்தில் ஒட்டப்போவது நீ உருவாக்கியது என்பதால் உனக்கு உள்ளே அனுமதி இல்லையாம். விதி சரிதான்.

நான் புரிந்துகொண்டது சரியா, பார். என் கைத்தோலிலிருந்து செல்களை எடுத்து, அவற்றைக் கருவிலிருந்த நிலைக்குத் திருப்பி, இதயத் தசையாக வளர்த்திருக்கிறாய். நேற்று உன் ஆய்வகத்தில் நுண்ணோக்கி வழியே பார்த்தேன். தட்டில் அது துடித்தது. உடனே என் நாடியைப் பிடித்து ஒப்பிட்டேன். இரண்டும் ஒத்துவரவில்லை. எங்கோ பிழை என்று பயந்தே போனேன்.

"அப்பா, அது உங்களக் கேட்டா துடிக்கும்? அது பாட்டுக்குத் துடிக்குது. நீங்களும் ஒருநாளாவது யாரையும் கேக்காம ஏதாவது செய்யுங்களேன்!" என்று சிரித்தாய்.

செய்துவிட்டேன். பேருந்தில் இறங்குமிடம் கேட்கவே கூசுகிறவன், இன்று யாரும் கேட்காமலே வார்டு முழுக்கச் சொன்னேன்: "என் நெஞ்சுல வைக்கப்போறத என் மகதான் செஞ்சா."

"தாத்தா, என்கிட்ட மட்டும் மூணு தடவ சொல்லிட்டீங்க," என்றார் செவிலியர். "பயமா இருக்கா?"

"இருக்கு. இன்னொரு தடவ சொல்லட்டுமா?"

நாளை வெளியே காத்திருக்கும்போது பட்டினி கிடக்காதே. சாப்பிட்டுவிட்டு வா.

உன் முதல் நோயாளி,
அப்பா