வண்டிக்குள்ள என்னென்ன இருக்குது?

என் அன்பான ஆல்பர்ட் அப்பாவுக்கு,

உங்கள் பேரை எழுத இன்னும் கை கூசுகிறது. வீட்டில் கூப்பிட்ட மாதிரியே எழுதுகிறேன். முதலாம் ஆண்டு நினைவுக்கு உங்கள் படம் போட்டு அட்டை அடிக்கப் போகிறார்கள். அதன் பின்பக்கத்தில் இந்தக் கடிதத்தைப் போடச் சொல்லிவிட்டேன். நம் பிள்ளை ஆல்பர்ட் வேண்டாம் என்றான். ஊர் முன்னால் உங்களைத் தலைகுனிய வைத்தவள் நான். இப்போது காதோடு காதாக மன்னிப்புக் கேட்டால் அது எந்த ஊர் நியாயம்?

முதலில் நல்ல செய்தி. உங்கள் வேனுக்கு டயர் மாற்றியாயிற்று. ஆறும் புதுசு, ஸ்டெப்னியும் புதுசு. உங்கள் தங்கை ரெஜினா, "அண்ணன் வண்டிலயே வேளாங்கண்ணிக்குப் போய்ட்டு வரலாம் அண்ணி" என்று ஒரு மாதமாக நச்சரித்தாள். அவளுக்குச் சர்க்கரை. பஸ்ஸில் உட்கார முடியாது. சரி என்று தலையாட்டிவிட்டேன்.

படிக்கிறவர்களுக்காகவும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் ஓய்வு பெற்ற பிறகு பழைய வேன் ஒன்றை வாங்கி, சீட்டைக் கழற்றிவிட்டு, கட்டில் போட்டீர்கள், அடுப்பு வைத்தீர்கள். கடைசியில், பின்பக்க மூலையில், கதவு வைத்து ஒரு கக்கூஸ் கட்டினீர்கள். அதற்குத் தண்ணீர்த் தொட்டி வேறு. ஏன் கட்டினீர்கள் என்று உங்களுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். சென்னைக் கல்யாணத்துக்குப் போய்த் திரும்பும்போது, நடு ரோட்டில் பஸ்ஸை நிறுத்தி நான் இறங்க வேண்டி வந்தது. மூட்டு வலியில் உட்காரவும் முடியவில்லை, எழுந்திருக்கவும் முடியவில்லை. நீங்கள் துண்டை விரித்துப் பிடித்துக்கொண்டு ரோட்டைப் பார்த்து நின்றீர்கள். பஸ் முழுக்க ஜன்னலில் தலை. அன்று நான் உங்களோடு பேசவேயில்லை. நீங்கள் என்ன தப்பு செய்தீர்கள்?

அதனால்தான் அந்த வண்டியைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் மானத்துக்கு நாலு சக்கரம் வைத்து, போதாததற்குப் பின்னால் இன்னும் இரண்டு சேர்த்து, விழுப்புரம் முழுக்க ஓட்டிக்காட்டுகிறீர்கள் என்று நினைத்தேன். பங்குச் சாமியார் ஜெபம் சொல்லி வண்டியை மந்திரித்துவிட்டு, "ஏறுங்கம்மா, முதல்ல நீங்க ஏறுங்க" என்றபோது என்ன சொன்னேன்? "இந்தக் கக்கூஸ் வண்டில நான் ஏற மாட்டேன், அவரே போய்க்கினு இருக்கட்டும்." கோயில் வாசலே சிரித்தது. நீங்களும் சேர்ந்து சிரித்தீர்கள். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தாலும் எனக்குச் சோறு இறங்குவதில்லை. வேளாங்கண்ணிக்குத் தனியாகப் போய்வந்தீர்கள். ஆறு மாதத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஒரேயடியாகப் போய்விட்டீர்கள்.

டயருக்கு வருகிறேன். விழுப்புரத்தில் இல்லாத கடையா? ஆனால் இங்கே எல்லோருக்கும் அந்த வண்டியைத் தெரியும். அதனால் ஆல்பர்ட்டைத் திண்டிவனம் பைபாஸுக்கு ஓட்டச் சொன்னேன். செத்த பிறகும் உங்கள் வண்டியை ஒளித்து ஒளித்துக் கொண்டுபோகிறவள் நான், பார்த்துக்கொள்ளுங்கள்.

கடைக்காரர் குனிந்து டயர் ஓரத்தில் இருந்த நம்பரைப் படித்தார். "ஏழு வருசத்து டயரும்மா இது."

"மேடு பள்ளமா பட்டன் அப்படியே இருக்குதே தம்பி, தேயவேயில்லையே!"

"பட்டன் இருக்கும். ஓடினாத்தான தேயும்? நின்னுக்கினே இருந்து ரப்பர் செத்துப்போச்சு. பாருங்க, வெடிப்பு." நகத்தால் கீறிக் காட்டினார். "இதுல வேளாங்கண்ணி போனீங்கன்னா பேஜாராயிடும்."

இரண்டு ரகம் காட்டினார். ஒன்று ஆறாயிரத்துச் சொச்சம். இன்னொன்று லோடு தாங்குகிற கனத்த டயர், எட்டரை. "வண்டிக்குள்ள என்னென்ன இருக்குது? அதைச் சொன்னீங்கன்னா எது போதும்னு சொல்லிடுவேன்."

சுற்றி ஆம்பிளைகள். லாரிக்காரர்கள், பஞ்சர் போடுகிறவர்கள். என் வாய் என்ன சொன்னது தெரியுமா? "ஒரு கட்டிலு, ஒரு அடுப்பு. அவ்ளோதான் தம்பி."

ஆல்பர்ட் என்னைப் பார்த்தான். பிறகு போனை நோண்ட ஆரம்பித்துவிட்டான். அவனுக்கு என்னைத் தெரியும்.

"அப்ப சின்னதே போதும்." ஸ்டெப்னியோடு ஏழு எடுக்கிறோம், பார்த்துப் போடுங்கள் என்று வெட்கமில்லாமல் பேரம் வேறு பேசினேன். முந்நூறு குறைத்தார். ஜாக்கி போட்டு வண்டியைத் தூக்கினார்கள். பின்பக்கம் இரண்டு டயர் ஏறியும் விட்டது.

அப்போதுதான் ரெஜினா போன் பண்ணினாள். "அண்ணி, தொட்டி ரொம்பத் தண்ணி புடிச்சுக்கணும், மறந்துடாதீங்க. எனக்கு அரைமணிக்கு ஒருக்கா போவணும். அண்ணன் புண்ணியத்துல இந்தத் தபா நிம்மதியா வர்றேன்."

போனை வைத்த பிறகுதான் எனக்கு உறைத்தது. நான் மறைத்த பாரத்தின் மேல் ரெஜினா உட்காரப் போகிறாள். என் பிள்ளை ஓட்டப் போகிறான். ஒரு வார்த்தை சொல்லக் கூசி இவர்கள் உயிரை அந்த இரண்டு டயரில் வைத்துவிட்டேனே! என்ன பொம்பளை நான்?

எழுந்து நின்றேன். மெதுவாகச் சொல்லத்தான் நினைத்தேன். ஏர் அடிக்கிற சத்தத்தில் கத்த வேண்டியதாகிவிட்டது. "தம்பி, நிறுத்துங்க! பொய் சொல்லிட்டேன். உள்ள கக்கூஸ் இருக்குது. முந்நூறு லிட்டர் தண்ணித் தொட்டி இருக்குது!"

ஒருவரும் சிரிக்கவில்லை. நிஜமாகத்தான் சொல்கிறேன், ஒருவர்கூடச் சிரிக்கவில்லை.

கடைக்காரர் நெற்றியைச் சொறிந்தார். "முந்நூறு லிட்டர்னா முந்நூறு கிலோ. கழிவுத் தொட்டி தனியா இருக்குமே, அது எவ்ளோ புடிக்கும்? எல்லாம் பின்பக்கமா?" அரிசி மூட்டைக் கணக்குக் கேட்கிற மாதிரி கேட்டார். ஆல்பர்ட் ஒவ்வொன்றாகச் சொன்னான். "அப்ப கனத்ததுதாம்மா போடணும். காத்தும் ஏத்தி வெக்கணும். கழட்டுங்கப்பா அதை." அவ்வளவுதான். இந்த ஒரு பேச்சுக்குப் பயந்தா உங்களை அத்தனை பேர் முன்னால் அப்படிப் பேசினேன்?

கனத்த டயர் ஏறிக்கொண்டிருந்தபோது, பில் போடுகிற பெண் பக்கத்தில் வந்து நின்றாள். முப்பது வயது இருக்கும்.

"அம்மா, தப்பா நெனைக்காதீங்க. வண்டிய எறக்கினதும், நான் உள்ள போய்க்கலாமா?" காதோடுதான் கேட்டாள். "இங்க கடையில இல்லம்மா. பகலெல்லாம் நான் தண்ணியே குடிக்கறதில்ல."

அந்த வித்தையை நானும் முப்பது வருசமாகச் செய்தவள்தான். ஆல்பர்ட்டை விட்டு இரண்டு பக்கெட் தண்ணீர் ஊற்றச் சொன்னேன். அவளை ஏற்றிவிட்டு, வெளியே கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நீங்கள் கட்டியதை முதலில் பயன்படுத்திய பொம்பளை நானில்லை, முன்பின் தெரியாத ஒரு பெண். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அவள் முகம் கழுவிக்கொண்டு இறங்கினாள். "நல்லா செஞ்சிருக்காங்கம்மா, புடிச்சு எழுந்திரிக்கக் கம்பியெல்லாம் வெச்சு. யாரு செஞ்சது?"

"எங்க வீட்டுக்காரரு."

"உங்களுக்காகவா?"

"ஆமாம்மா. எனக்காகத்தான்."

நீங்கள் இருக்கும்போது ஒருவரிடமும் இதைச் சொன்னதில்லை. உங்களிடம்கூடச் சொன்னதில்லை.

உங்கள் நினைவுத் திருப்பலி முடிந்த மறுநாள் காலையில் கிளம்புகிறோம். கோயில் வாசலில்தான் வண்டியை நிறுத்தச் சொல்லியிருக்கிறேன். எல்லோரும் பார்க்க ஒரு சொம்புத் தண்ணீரை மடமடவென்று குடித்துவிட்டு, முதல் ஆளாக நான் ஏறுவேன். இது சத்தியம்.

உங்கள் வீட்டுக்காரி,
ஆல்பர்ட் அம்மா