பண்ருட்டியிலிருந்து வந்து சேராத ஐஸ்

இன்று காலை ஹோஸ்டா செடியின் முதல் இலை விரிந்திருந்தது. எலிக்காது அளவுதான். ஆசையில் தொட்டுவிட்டேன். விரல் பட்ட இடத்தில் நீலப் பூச்சு அழிந்து வெறும் பச்சை தெரிந்தது. "தொடாத, அந்த நீலம் போனா திரும்ப வராது" என்று நீங்கள் பின்னால் நின்று சொல்வது போலிருந்தது.

கொடைக்கானலில் ஒரு தோட்டக்காரர் வேரோடு பிரித்துக் கொடுத்த செடி. நெய்வேலி வெயிலுக்கு ஆகாது என்று அவர் சொல்லித்தான் கொடுத்தார். நீங்கள் குவார்ட்டர்ஸ் பின்பக்கத்து மாமர நிழலில் அதை வளர்த்தீர்கள். ஷிஃப்ட் முடிந்து வந்ததும், இலைமேல் படிந்த அனல்மின் நிலையச் சாம்பலைக் கை படாமல் தண்ணீர் தெளித்தே இறக்குவீர்கள். கார்த்திகையில் இலை காய்ந்ததும் வேரை எடுத்து ஃப்ரிட்ஜில் என் காய்கறித் தட்டில் வைத்துவிடுவீர்கள். குளிரில் தூங்கினால்தான் மறுபடி துளிர்க்குமாம். எனக்கு எரிச்சலாக இருக்கும்.

புயல் அடித்த மார்கழியில் கரண்ட் போய்ப் பல நாள் வரவில்லை. வேர் அழுகிவிடும் என்று ஐஸ் வாங்கப் பண்ருட்டிக்கு சைக்கிளில் கிளம்பினீர்கள். ரோடெல்லாம் முந்திரி மரம் விழுந்து கிடக்கிறது, ஒரு செடிக்காகப் போகவேண்டாம் என்றேன். மதியத்துக்குள் வந்துவிடுவதாகச் சொல்லிப் போனீர்கள்.

மதியம் தாண்டியது. போன் எதுவும் வேலை செய்யவில்லை. எதிர்வீட்டுக்காரர் வெளியே போய் வந்தவர், கேட்டருகே தயங்கி நின்றார்.

"முத்தாண்டிக்குப்பத்துல லைன் விட்டுப் பாத்தாங்களாம், அறுந்து கெடந்த கரண்டு கம்பிய மிதிச்சு ஒருத்தர் போயிட்டாராம். தூக்கிகினு போனாங்க. யாருன்னு தெரியலைங்க."

அப்புறம் நான் கேட்டைவிட்டு நகரவில்லை. உள்ளே உலை பொங்கி அடுப்பு அணைந்த வாசனை வந்தது. போகவில்லை. சைக்கிளில் வந்த ஒவ்வொருவரும் நீங்களாகத் தெரிந்து, பக்கத்தில் வந்ததும் வேறு ஆளானார்கள்.

பொழுது சாயும்போது சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தீர்கள். கேரியரில் ஈரச் சாக்கு காலியாக இருந்தது. உயிரோடு வந்ததற்குக் கும்பிடாமல், ஐஸ் எங்கே என்று கத்தினேன்.

"அந்தக் கம்பியில செத்தவரு வூட்ல குடுத்துட்டேன். பையன் வெளியூர்லேருந்து வந்துகினு இருக்கானாம். அதுவரைக்கும் உடம்ப வைக்கணும்ல? செடி பொறுத்துக்கும்."

முழுதாகப் பொறுக்கவில்லை. மூன்று முளையில் இரண்டு அழுகின. மிஞ்சிய ஒன்றின் வம்சம்தான் இந்த வாடகை வீட்டின் பின்பக்கம் இப்போது நிற்பது.

போன வருஷம் நீங்கள் போனபோது நம் பையன் துபாயில் இருந்தான். அன்று சாயங்காலமே எடுத்துவிடலாம் என்றார்கள் உங்கள் பங்காளிகள். வாக்குவாதம் முற்றியது. வாசற்படியில் உட்கார்ந்துகொண்டு, அவன் வராமல் யாரும் தூக்கக்கூடாது என்றேன். அவ்வளவு பேர் எதிரில் நான் குரல் உயர்த்தியது அன்றுதான். மறுநாள் வந்தான். உங்கள் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வெகுநேரம் இருந்தான்.

முத்தாண்டிக்குப்பத்தில் அது எந்த வீடு என்று உங்களிடம் கேட்டுக்கொள்ளவே இல்லை. பஸ் அந்த ஊரைத் தாண்டும்போதெல்லாம் ஒவ்வொரு வாசலாகப் பார்க்கிறேன். இதில் ஏதோ ஒரு வீட்டில் ஒரு மகன் அப்பாவின் முகத்தைப் பார்த்திருக்கிறான்.